வீட்டு வீடியோவை அடுக்கி வைத்து, அதை வைத்தே நேட்டோ முதல் வளைகுடா வரை வாதாடுவது எப்படி

தக்கலை, இரணியல், குளச்சல், மார்த்தாண்டம் பக்கமெல்லாம் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் நிறைய. அந்த வீடுகளில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் வந்து இறங்கிய வீடியோக்கள் போனையும் பழைய லேப்டாப்பையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். அப்புறம், அண்ணன் லீவுக்கு வந்த ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டு முடித்ததும் உலக அரசியல் தொடங்கிவிடும்: நேட்டோ என்கிற இராணுவக் கூட்டணியை விட்டு அமெரிக்கா போகுமா, இந்தியா, சீனா, ரஷ்யா எல்லாம் இருக்கிற பிரிக்ஸ் கூட்டமைப்பு டாலரைக் கவிழ்க்குமா, இந்தியா எந்தப் பக்கம் நிற்கிறது. முதல் காரியத்தை ஒழுங்காகச் செய்தால் இரண்டாவதும் உருப்படும் என்பது என் உறுதியான எண்ணம். தேதி தெரியாத வீடியோவும் தேதி தெரியாத வாதமும் யாருக்கும் பயன்படாது. இரண்டையும் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டுங்கள்

ஒரு டெராபைட்டோ இரண்டு டெராபைட்டோ உள்ள வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைல் ஏறாது, கல்யாண வீடியோ அங்கேதான் மாட்டிக்கொள்ளும். டிஸ்க்கில் 'வந்தவை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, வீட்டில் யாரிடம் என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அதில் காப்பி செய்யுங்கள். கட் செய்து ஒட்ட வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் வம்பு.

எங்கெல்லாம் தேடுவது? ஆண்ட்ராய்டு போனில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் வாட்ஸ்அப் வீடியோ என்ற ஃபோல்டர் வரும். அதற்குள் சென்ட் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், நாம் அனுப்பியவை அதில் கிடக்கும், பலர் அதைப் பார்க்கவே மாட்டார்கள். கூகுள் போட்டோஸில் இருப்பதை கூகுள் டேக்அவுட் வழியாக மொத்தமாக இறக்கலாம். அப்படி இறக்கினால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் ஜேசன் என்று ஒரு சின்ன ஃபைல் வரும், குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், எடுத்த தேதி அதில்தான் பத்திரமாக இருக்கும். கல்யாண டிவிடியைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 ஜிபி அளவில் விஓபி ஃபைல்கள் இருக்கும். ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுத்து வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் செயலிக்குள் 'டவுன்லோட்' கொடுத்தவை மட்டும் கணக்கில் வராது. அவை அந்தச் செயலிக்குள்ளேயே பூட்டிக் கிடப்பவை, டிஸ்க்குக்கு எடுக்க முடியாது.

தேதி கண்டுபிடிப்பதுதான் முக்கால் வேலை

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவின் பெயர் விஐடி-20190312-டபிள்யூஏ0007 என்கிற மாதிரி இருக்கும். நடுவில் இருப்பது தேதிதான், ஆனால் வீடியோ எடுத்த தேதி அல்ல, உங்கள் போனுக்கு வந்த தேதி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த நேரத்தில் எடுத்த வீடியோவை மைனி 2019-இல் மறுபடி அனுப்பினால் அது 2019 என்றுதான் உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது உள்ளே எழுதியிருக்கும் எடுத்த நேரமும் போய்விடும். அதனால் முக்கியமான வீடியோ என்றால் எடுத்தவரிடமே கேட்டு, 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை அப்படி அனுப்பலாம், தரமும் குறையாது, உள்ளே உள்ள தேதியும் அப்படியே வரும்.

போனிலிருந்து நேரே எடுத்த வீடியோ என்றால் மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் போட்டுப் பாருங்கள், எடுத்த தேதி காட்டும். பெரும்பாலும் அந்த நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகியிருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம், துபாய்க்கு நான்கு மணி நேரம், தோஹாவுக்கும் ரியாத்துக்கும் மூன்று மணி நேரம் கூட்ட வேண்டும். காலை நான்கு மணிக்குப் பெண் வீட்டுக்குக் கிளம்புகிற வீடியோ முந்தின நாள் தேதியில் நிற்பது இதனால்தான்.

எதுவும் கிடைக்காவிட்டால் படத்துக்குள்ளேயே தேடுங்கள். நிச்சயதார்த்த வீடியோ ஒன்று, யாருடையது என்று தெரிகிறது, எந்த வருஷம் என்று தெரியவில்லை என்று வையுங்கள். விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓடவிட்டு, கேமரா சுவர்ப் பக்கம் திரும்பும் இடத்தில் நிறுத்தி, 'இ' எழுத்தை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். கதவுக்கு மேலே தினசரி கிழிக்கிற காலண்டர் தொங்கும். பெரிய எழுத்தில் 23, கீழே வியாழன், ஓரத்தில் பாதி மறைந்த மாதம். 23-ஆம் தேதி வியாழனில் வருகிற மாதங்கள் ஒரு வருஷத்தில் ஒன்றிரண்டுதான், கூடிப்போனால் மூன்று. மடியில் இருக்கிற குழந்தை யார், அதற்கு அப்போது எத்தனை மாதம் என்று ஆச்சியிடம் கேட்டால் வருஷமும் விழுந்துவிடும். கோட்டாறு சவேரியார் திருவிழாவா, மண்டைக்காட்டுக் கொடையா, சுசீந்திரம் மார்கழித் தேரா என்பது தெரிந்தால் மாதத்துக்குக் கவலையே இல்லை. பெரியவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பாட்டா போன பிறகு அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது.

பெயர் வைக்கும்போது தேதி முன்னால் வரட்டும்: 2017-06-12 தோஹா கடை அண்ணன். நாள் தெரியாவிட்டால் 2009-05-00, மாதமும் தெரியாவிட்டால் 2009-00-00. இப்படி வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே வரிசையாக அடுக்கிவிடும். தமிழில் பெயர் வைப்பதில் ஒரு சிக்கலும் இல்லை, பழைய டிவியில் பென்டிரைவ் செருகிப் பார்க்கும்போது மட்டும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியலாம், தேதி எண்ணில் இருப்பதால் அப்போதும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஃபோல்டர் வருஷத்துக்கு ஒன்று போதும், அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று. அதற்கு மேல் அடுக்கு வேண்டாம்.

ஒரே வீடியோ நாலு பேரிடமிருந்து வந்திருக்கும். டூப்குரு மாதிரி இலவசக் கருவிகள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பவற்றைக் காட்டிக்கொடுக்கும். அளவு வேறுபட்டால் பெரியதை வைத்துக்கொண்டு சின்னதை நீக்குங்கள், நீக்கும் முன் இரண்டையும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள், ஒன்று பாதியில் வெட்டியதாக இருக்கக்கூடும்.

முடிந்ததும் மூன்று பிரதி. ஒன்று டிஸ்க்கில், ஒன்று இன்னொரு டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே, கிளவுடிலோ நாகர்கோவிலில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டிலோ. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பையே தின்னும், வீடியோ கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டிஸ்க்கை வையுங்கள், வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

விவாதத்துக்குத் தனி அலமாரி

இறக்கி வைத்த அரசியல் வீடியோக்களை வீட்டு வீடியோவோடு கலக்காதீர்கள். 'கூட்டணிகள்' என்று தனி ஃபோல்டர் போட்டு, அதற்குள் நேட்டோ, ஐரோப்பிய ஒன்றியம், வளைகுடாக் கூட்டுறவு மன்றம், பிரிக்ஸ், ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகள்) ஒப்பந்தம், இந்தியா என்று பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் வீடியோவுக்கு முன்னால் இருக்க வேண்டியது ஒப்பந்தத்தின் மூலப்பிரதி. நேட்டோ ஒப்பந்தம் மொத்தம் 14 பிரிவுதான், ஒரு கட்டன் சாயா குடிக்கிற நேரத்தில் வாசித்துவிடலாம். வாசிக்காமலே அதைப்பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தலைவர் பேசிய 30 விநாடித் துண்டு கையில் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு வாதாடக் கூடாது. முழுப் பேச்சையும் இறக்குங்கள். பக்கத்தில் ஒரு நோட்பேட் ஃபைலில் எங்கே இறக்கியது, பேசிய தேதி, இடம், நமக்கு வேண்டிய வரி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று எழுதி வையுங்கள். எதிரணி கேட்டால் அந்த நிமிடத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் இரண்டு நிமிடம் சேர்த்துப் போட்டுக் காட்ட வேண்டும். முழுப் பேச்சு கிடைக்காத துண்டு சபைக்கு வரக்கூடாது, இது எங்கள் ஊர் வாசகசாலையில் கண்டிப்பான விதி.

தலைப்பை இறுக்குங்கள்

'கூட்டணி நல்லதா கெட்டதா' என்று வைத்தால் ஆளாளுக்கு ஒரு திசையில் ஓடுவார்கள். 'இராணுவக் கூட்டணி சிறிய நாட்டைக் காக்கிறதா, கட்டிப்போடுகிறதா' என்று வையுங்கள். 'வர்த்தக ஒப்பந்தங்களால் குமரி மாவட்ட விவசாயிக்குக் கிடைத்தது அதிகமா, போனது அதிகமா' என்று வையுங்கள். இராணுவத்தையும் பொருளாதாரத்தையும் ஒரே ராத்திரியில் ஒரே தலைப்பில் போடாதீர்கள், இரண்டுக்கும் ஆதாரம் வேறு, இழப்பை அளக்கும் முறையும் வேறு.

மூலப்பிரதி கையில் இருந்தால் விவாதம் எப்படித் திரும்பும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சித்தப்பா ஒருவர் அடித்துச் சொன்னார்: "நேட்டோவில ஒருத்தன அடிச்சா மத்தவன் எல்லாம் படையோட வந்தே ஆகணும், அதுதான் ஐந்தாம் பிரிவு." பிளஸ் டூ படிக்கிற பெண் போனில் இருந்த பிரதியைத் திறந்து நீட்டினாள். "சித்தப்பா, அந்தப் பிரிவ முழுசா வாசியுங்க." ஒருவர் மீதான ஆயுதத் தாக்குதல் எல்லார் மீதுமான தாக்குதலாகக் கருதப்படும் என்பது வரை அவர் சொன்னது சரி. அதற்கு அடுத்து வருவதுதான் விஷயம்: ஆயுதப் படையைப் பயன்படுத்துவது உட்பட, தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கும். என்ன செய்வது என்று தீர்மானிப்பது அந்தந்த நாடு. 1949 ஏப்ரல் 4-இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தில் இன்றைக்கு 32 நாடுகள் இருக்கின்றன, இத்தனை வருஷத்தில் ஐந்தாம் பிரிவு நடைமுறைக்கு வந்தது ஒரே தடவை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்காக. இந்த விவரம் தெரிந்ததும் சித்தப்பாவின் வாதம் பலவீனமாகவில்லை, கூர்மையாகிவிட்டது. பிரிவில் கட்டாயம் இல்லாதபோதும் நாடுகள் படை அனுப்பின என்றால் எழுத்தைவிட நம்பிக்கைதான் கூட்டணியைத் தாங்குகிறது என்று அவர் அடுத்த சுற்றில் பேசினார்.

அடிக்கடி தப்பாகச் சொல்லப்படுகிற சில விஷயங்களை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நேட்டோ நாடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் செலவிட வேண்டிய 2 சதவீதம் என்பது நேட்டோவுக்குக் கட்டுகிற சந்தா அல்ல, ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டிய அளவு. 2025 ஹேக் மாநாட்டில் அதை 2035-க்குள் 5 சதவீதமாக்குவது என்று முடிவெடுத்தார்கள். விலக நினைக்கிற நாடு 13-ஆம் பிரிவின்படி ஒரு வருஷ நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நோட்டீஸ் போய்ச் சேர வேண்டிய இடம் அமெரிக்க அரசு. அமெரிக்க அதிபர் தனியாக விலக முடியாது, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ காங்கிரஸ் சட்டமோ வேண்டும் என்று 2023-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த குவாட் இராணுவக் கூட்டணி அல்ல, அதற்கு ஒப்பந்தமே கிடையாது. பிரிக்ஸுக்குப் பொது நாணயம் இல்லை, ஷாங்காயில் தலைமையகம் உள்ள புதிய வளர்ச்சி வங்கி இருக்கிறது. இந்தியா எப்போதும் யாரோடும் எதுவும் எழுதிக்கொண்டதில்லை என்று யாராவது சொன்னால் 1971 ஆகஸ்ட் 9-இல் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுங்கள்.

நம் ஊர் சாட்சிகள்

வெளிநாட்டு உதாரணம் மட்டுமே பேசினால் கூட்டம் அரை மணி நேரத்தில் கலைந்துவிடும். இராணுவக் கூட்டணிக்கு நம் மாவட்டத்திலேயே பெரிய வழக்கு இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்த திருவிதாங்கூர், 1795-இல் ஆங்கிலேயக் கம்பெனியோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. வெளிப் பகைவர்களிடமிருந்து கம்பெனி காக்கும், அதற்குத் திருவிதாங்கூர் பணம் கட்டும். 1805-இல் அந்தத் தொகை வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் ஆனது, உள் நிர்வாகத்திலும் ஆலோசனை சொல்லும் உரிமை கம்பெனிக்குப் போனது. அந்த ஒப்பந்தம் ஆனபோது திவானாக இருந்தவர் தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி. அவரேதான் 1809 ஜனவரியில் குண்டறையில் கம்பெனிக்கு எதிராக அறிவிப்பு விட்டார். காக்க வந்த கூட்டணி எந்த இடத்தில் கட்டிப்போடத் தொடங்கியது? 1795-இலா, 1805-இலா? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு ராத்திரி முழுக்க நடத்தலாம். புலியூர்க்குறிச்சிக்குப் போய் உதயகிரிக் கோட்டையில் டி லனாயின் கல்லறையைப் போனில் எடுத்து வந்து முதலில் போட்டுக் காட்டுங்கள். குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார் என்பதைச் சின்னப் பிள்ளைகள்கூட உன்னிப்பாகக் கேட்பார்கள்.

பொருளாதாரக் கூட்டணிக்கு வந்தால் வீட்டு வீடியோவே சாட்சி. அந்த 2017-06-12 தோஹா வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கடைக்குள் நடந்துகொண்டே எடுத்தது, பால் வைக்கிற ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, "இதப் பாரு, எல்லாம் துருக்கி எழுத்து" என்று ஒரு பாக்கெட்டைத் திருப்பிக் காட்டுகிறார். விளிம்பில் பனி உருகி விரலில் வழிகிறது. ஒரு வாரத்துக்கு முன்னால், ஜூன் 5-ஆம் தேதி, சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன. கத்தாருக்கு இருந்த ஒரே தரைவழி எல்லையைச் சவூதி மூடியது. துருக்கியும் ஈரானும் உணவுப்பொருள் அனுப்பின. முறித்தவர்களில் மூன்று பேர் 1981-இல் கத்தாரோடு சேர்ந்து வளைகுடாக் கூட்டுறவு மன்றத்தைத் தொடங்கியவர்கள், சுங்க ஒன்றியமும் பொதுச் சந்தையும் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள். குவைத்தும் ஓமனும் சேரவில்லை, குவைத் சமரசத்துக்கு அலைந்தது, 2021 ஜனவரியில் அல் உலாவில்தான் முடிந்தது. 'சேர்ந்து வியாபாரம் செய்கிற நாடுகள் சண்டை போடாது' என்ற வாதத்துக்கு அந்தப் பால் பாக்கெட் எதிர்சாட்சி. ஆனால் துப்பாக்கி வெடிக்கவில்லையே, கடைசியில் சமாதானம் ஆனார்களே என்று மறுபக்கத்துக்கும் அதே வீடியோ உதவும். தேதி சரியாக இல்லாவிட்டால் அது வெறும் பால் பாக்கெட்.

வீட்டு வீடியோவைச் சபையில் போடும் முன் அதில் இருப்பவரிடம் சம்மதம் கேளுங்கள். வேலை செய்கிற இடம், முதலாளி பெயர், பாஸ்போர்ட், குழந்தைகள் முகம் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் போடுங்கள். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை.

விவசாயத்துக்கு: ஆசியான் நாடுகளோடு இந்தியா போட்ட சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. ரப்பர் விலை விழுந்தால் எல்லாரும் அதைத்தான் திட்டுவார்கள். பட்டியலைத் திறந்து பாருங்கள், இயற்கை ரப்பர் வரி குறைப்பு இல்லாத விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பாமாயிலும் மிளகும் படிப்படியாக வரி குறைக்கிற பட்டியலில். அப்படியானால் தேங்காய்க்காரருக்கு ஒரு வாதம், ரப்பர்க்காரருக்கு வேறு வாதம். 2019 நவம்பரில், ஆசியானோடு சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்த ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா ஏன் ஒதுங்கியது என்பதையும் இதோடு சேர்த்துப் பேசலாம். தோட்டம் வைத்திருப்பவர் ஒருவரைக் கட்டாயம் பேச அழையுங்கள், கிராம்புக்காரர் கிடைத்தால் விடவே விடாதீர்கள், இலங்கையோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

நடத்துகிற முறை

அணிக்கு மூன்று பேர் போதும். ஒருவருக்கு ஐந்து நிமிடம், மறுப்புக்கு இரண்டு நிமிடம், வீடியோ காட்டினால் அதுவும் அவருடைய நேரத்தில் கழியும். எந்த அணி எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், அண்ணன் அமெரிக்கா பக்கம்தான் பேசுவார் என்று முன்கூட்டியே தெரிந்தால் கேட்க வருகிறவர்களுக்கு ஆர்வம் போய்விடும். நடுவர் பட்டிமன்ற நடுவர் மாதிரி நடுநடுவே கதை சொல்லக்கூடாது. யார் ஆதாரம் இல்லாமல் பேசினார், யார் எதிரணியின் பலமான வாதத்துக்குப் பதில் சொல்லாமல் நழுவினார் என்று குறித்துக்கொண்டு கடைசியில் அதை மட்டும் சொல்லட்டும். போர் நடக்கிற நாட்டில் நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பதை மறக்காமல் பேசச் சொல்லுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற யாருடைய மகனோ அங்கே இருக்கலாம்.

விவாதத்தையும் பதிவு செய்யுங்கள். போனை ஃபிளைட் மோடில் போட்டு, படுக்கை வசமாக, பேசுகிறவரிடமிருந்து ஆறடிக்குள் வையுங்கள், ஃபேனுக்கு நேரே வேண்டாம், காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். அன்று ராத்திரியே டிஸ்க்கில் ஏற்றி, தேதி, ஊர், தலைப்பு என்ற வரிசையில் பெயர் வைத்து, யார் எந்தப் பக்கம் பேசினார், எந்த ஆதாரம் கேள்விக்குள்ளானது என்று நோட்பேடில் நாலு வரி எழுதிவிட்டுப் படுங்கள்.